ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பவர்கள்

ஜூன் 9

அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஆண்டவர் மேல எனக்கு என்ன கோவம்? அவர் என்னை என்ன பண்ணினார்? காலேஜை விட்டது நான். வீட்டை விட்டது நான். ஜெபத்தை விட்டதும் நானேதான். நீ என்னமோ நானும் அவரும் பங்காளிச் சண்டை போட்டுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி கேட்டிருக்க.

போன் எடுக்கலன்னு லெட்டர் போட்டியே, அது நல்ல வேலை. போன்னா நீ ஸ்பீக்கர்ல போடுவ. பின்னாடி அப்பா இருமுவார். பேச மாட்டார், இருமுவார். அந்த இருமலுக்கு நான் என்ன பதில் சொல்றது?

நீ நேரா கேட்டுட்ட, நானும் நேரா சொல்லிடறேன். அப்பா என்கிட்ட பேசினதே இல்லக்கா. யோசிச்சுப் பாரு. என்னைப் பத்தி ஆண்டவர்கிட்டதான் பேசுவார். அதுவும் குடும்ப ஜெபத்துல, நான் பக்கத்துல முழங்கால் போட்டிருக்கும்போது. 'ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல சுகம் கொடுத்தீர், ஸ்தோத்திரம். ஆனாலும்...' அந்த ஆனாலும் வந்ததும் என் முதுகு தானா விறைச்சுக்கும். ஆனாலும் கணக்குல தேறல. ஆனாலும் பொய் சொல்றான். ஆனாலும் சகவாசம் சரியில்ல. அப்புறம் ஆமென், எழுந்து சாப்பிடப் போவோம். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாது. ஜெபத்துக்கு நடுவுல யாரு குறுக்க பேசறது?

காலேஜை விட்ட வாரம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உபவாச ஜெபம். நான் கீபோர்டுல உக்காந்திருக்கேன். ஒருத்தர் ஜெபிக்கும்போது பின்னாடி மெதுவா வாசிச்சுக்கிட்டே இருக்கணும், அதான் என் வேலை. அப்பா மைக்கைப் பிடிச்சார். 'படிப்பை உதறிட்டு வந்து நிக்கிற என் மகனை...'ன்னு அழ ஆரம்பிச்சார். சபையே திரும்பி என்னைப் பாத்துச்சு. அவர் என் மானத்தை வாங்கறார், நான் அதுக்குப் பின்னணி இசை போடறேன்! நிறுத்தவும் முடியல. கை அது பாட்டுக்கு வாசிக்குது. அதுக்கப்புறம் நான் வாசிக்கவும் இல்ல, ஜெபிக்கவும் இல்ல. அவ்வளவுதான் கதை.

இங்க நல்லாத்தான் இருக்கேன். ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணியெல்லாம் வந்து குவியற பெரிய லாண்டரியில வேலை. தங்கறது டயர் கடைக்கு மேல ஒரு ரூம்ல. ஒரு கட்டில், ரெண்டு பேர். அவனுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல். நான் வரும்போது அவன் போயிருப்பான். மெத்தையில சூடு மட்டும் இருக்கும். ஆள் எப்படி இருப்பான்னு சரியாத் தெரியாது. அவனோட பிரஷ் பச்சை, அது தெரியும்.

இப்ப நீ சொல்லு. இத்தனை நாள் கழிச்சு திடீர்னு எதுக்கு இந்த விசாரணை?

குண்டூசி

ஜூன் 20

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. அப்பாவைப் பற்றி அப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அம்மா போன பிறகு நமக்குச் சமைத்துப் போட்டு, சட்டை தேய்த்து, என் தலையைக்கூடக் கோணலாக வாரிவிட்டு வளர்த்தவர். உன்னை அவமானப்படுத்த அவர் அழவில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியாது, அவ்வளவுதான். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பிறந்தவன் நீ, உனக்கு அது புரியாது.

விசாரணை எதற்கு என்று கேட்டாயே. பட்டாணிக்காகத்தான். என் பிள்ளை குடும்ப ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஜெப நேரம் வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். தட்டினால், "வயிறு வலிக்குது" என்கிறாள். ஆமென் சொல்லி முடித்து, சமையலறையில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டதும் வயிறு சரியாகிவிடுகிறது. சபையில் சிறுபிள்ளைகள் வகுப்பை நடத்துகிறவள் நான். யார் யார் பிள்ளைகளோ என் முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். என் பிள்ளை குளியலறையில்.

காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் அவளை அடித்ததே இல்லை. திட்டுவதுகூடக் குறைவு. எதுவானாலும் ஜெபத்தில் வைத்துவிடுகிறேன். எட்டு வயதாகியும் படுக்கையை நனைக்கிறாள். டாக்டர் தானாகச் சரியாகும் என்றார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் வீட்டுக்கூட்டம் நடந்தது. எல்லாரும் வந்திருந்தார்கள், அவளோடு படிக்கிற பெண்கூட அம்மாவோடு வந்திருந்தாள். பட்டாணியை நடுவில் உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லி, எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னேன். போதகரின் மனைவி அவள் தலைமேல் கை வைத்து எவ்வளவு உருக்கமாக ஜெபித்தார் தெரியுமா? அதற்குப் பிறகுதான் இந்தக் குளியலறைப் பழக்கம் ஆரம்பித்தது. அவ்வளவு ஜெபத்துக்குப் பிறகு ஏன் இப்படி ஆனாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உன் அத்தானுக்கு இதைச் சொல்லவும் முடியவில்லை. அவர் வேலை செய்யும் கப்பல் நடுக்கடலில் இருந்தால் போன் போகாது. போகும்போது அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. "நீ பாத்துக்கோ, நீ பாத்துக்கோ" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

உன்னைத் தொலைத்தது போல அவளையும் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்டேன்.

அக்கா

ஜூலை 1

அக்கா, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?

கூடப் படிக்கிற பொண்ணு முன்னாடி? நடுவுல உக்கார வெச்சு? படுக்கையை நனைக்கிறான்னு கூட்டத்துக்கே அறிவிச்சுட்டு, ஏன் இப்படி ஆனான்னு என்னைக் கேக்கறியே! எனக்காவது அப்ப மீசை முளைச்சிருந்துச்சு, பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவ எங்க போவா? வீட்டுக்குள்ள தாழ்ப்பாள் இருக்கற ஒரே இடம் அதுதான், போயிட்டா.

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு நீதானே வகுப்புல சொல்லித் தர்ற? தெரிஞ்சவர்கிட்ட அவ்வளவு சத்தமா எதுக்குச் சொன்ன? யாருக்குக் கேக்கணும்னு சொன்ன?

இங்க லாரி லாரியா பெட்ஷீட் வருது. ரத்தம், வாந்தி, மூத்திரம், எல்லாம் இருக்கும். யாரோடதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. கேட்டா சிரிப்பாங்க. துவைக்க வந்திருக்கு, துவைக்கறோம். சாயங்காலம் வெள்ளையா, சூடா அடுக்கியிருக்கும். உன் வீட்டுல ஒரே ஒரு ஷீட். அதுக்கு ஒரு கூட்டம், ஒரு போதகர் மனைவி.

அப்பாவைத் திட்டினா உனக்குக் கோவம் வருது. ஏன்னு இப்பத்தான் புரியுது. நீ மீசை இல்லாத அப்பா.

குண்டூசி

ஜூலை 10

தம்பி,

ஒரு பிள்ளையை வளர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு எழுது.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சபையில் பிள்ளைகள் நிகழ்ச்சி வருகிறது, வேலை அதிகம். இனி அடிக்கடி எழுத முடியாது. உனக்காக ஜெபிக்கிறேன். மனதுக்குள்.

அக்கா

ஜூலை 29

நீ எழுதலன்னா நானும் எழுதக் கூடாதுன்னு சட்டமா?

மன்னிப்பெல்லாம் கேக்கப் போறதில்ல. சொன்னது சரிதான். அந்த மீசை விஷயம் மட்டும் வாபஸ்.

நேத்து லீவு. போக இடமில்லாம ஒரு பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். எல்லாரும் இறங்கிட்டாங்க. கண்டக்டர் "எங்கப்பா போகணும்?"னு கேட்டார். சொல்லத் தெரியல. "வந்த இடத்துக்கே"ன்னேன். ஒரு மாதிரி பாத்தார். அதே பஸ்ல திரும்பி வந்துட்டேன்.

இப்ப என்னை மடிக்கிற பக்கம் போட்டிருக்காங்க. மெஷின் மடிக்காத பெரிய ஷீட்டை ரெண்டு பேர் மடிக்கணும். ஆளுக்கு ரெண்டு நுனி. உதறி, கிட்ட வந்து அவர் கையில நுனியைக் கொடுத்துட்டு, குனிஞ்சு மடிப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளிப் போகணும். மறுபடி கிட்ட வரணும். என்கூட மடிக்கிறவர் காதுல எப்பவும் பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். நாள் முழுக்க ஒரு மனுசன் என் மூஞ்சிக்கு நேரா வந்து வந்து போறார். ஒரு வார்த்தை கிடையாது. சோப்பு வாசனையில அவர் மூச்சு மட்டும் வரும்.

பேசாம இருக்கறது எனக்குப் பழகிடுச்சுன்னு நெனைச்சேன். பழகல போல. உன் லெட்டர் வராதது பல்லுல மாட்டின நார் மாதிரி உறுத்துது.

பட்டாணி கதவைத் திறந்தாளா? ஒரு கார்டுல எழுதிப் போடு. ஆமா, இல்ல, அது போதும். இல்லன்னா ஒண்ணு பண்ணு. தட்டாத. கூப்பிடாத. கதவுக்கு வெளிய தரையில போய் உக்காரு. தினமும். உன் ஜெபத்தை விட்டுட்டு உக்காரு, ஆண்டவர் தப்பா நெனைக்க மாட்டார். நான் கிளம்பின அன்னைக்கு ரொம்ப நேரம் ஸ்டேஷன் பெஞ்சுல இருந்தேன். யாராவது வந்து பேசாம பக்கத்துல உக்காந்திருந்தா

சரி விடு.

குண்டூசி

ஆகஸ்ட் 19

தம்பி,

கார்டு போதாது. ஆமா, இல்லை இரண்டில் எதை எழுதுவது என்றும் தெரியவில்லை.

நீ சொன்னபடி உட்கார்ந்தேன். முன்னறையில் அப்பா தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் நாள் உள்ளேயிருந்து, "யாரு?" என்றாள்.

"அம்மாதான்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க?"

"சும்மா."

அவள் நம்பவில்லை. நான் நம்பும்படி நடந்துகொண்டதும் இல்லையே. இப்படியே பல நாட்கள் போயின. தரை குளிர்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் கதவின் அடியில் விரலை நீட்டினேன். குவளையால் தண்ணீரை ஊற்றினாள். உள்ளே சிரித்தாள் என்று நினைக்கிறேன். எழுந்து போய்விடலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு. ஆறிப்போன சாப்பாடும் தேய்க்காத பாத்திரமும் காத்திருக்க, கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்னை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். அப்போது உன் ஸ்டேஷன் பெஞ்சு ஞாபகம் வரும். மறுபடி உட்கார்ந்துகொள்வேன்.

போன சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் கூடம் வரைக்கும் நுரை. பாத்திரம் தேய்க்கிற சோப்பை பாட்டிலோடு துணி மெஷினில் கவிழ்த்திருக்கிறாள். உள்ளே அவள் படுக்கை விரிப்பு. எனக்குத் தெரியாமல் தானே துவைத்துவிடப் பார்த்திருக்கிறாள். முழங்கால் அளவு நுரைக்கு நடுவில் துடைப்பத்தோடு நின்றுகொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல" என்றாள். என் வாய்வரை எல்லாம் வந்தது. சொல்வதற்குள் வழுக்கி விழுந்துவிட்டேன். விழுந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூக்கிலெல்லாம் நுரை. அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "இதை ராத்திரி சொல்லுவீங்களா?"

"யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்ட."

மூக்கிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டேன்.

"நீங்கதான் தினமும் என்னைப் போட்டுக் கொடுக்கறீங்களே. அவருக்கு என்னைப் பிடிக்காமப் போயிருக்கும்."

தம்பி, ஆண்டவருக்குப் பிள்ளைகள் என்றால் கொள்ளைப் பிரியம் என்று ஞாயிறுதோறும் ஒரு வகுப்புக்கே கைதட்டச் சொல்லிப் பாடம் எடுக்கிறவள் நான். அந்த நுரைக்குள் எங்காவது அமிழ்ந்துவிடலாமா என்றிருந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வகுப்புல சொன்னேனே."

"அப்ப எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. "தினமும் பாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு பேரும் நுரையை அள்ளினோம். அள்ளி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. 'தனியாவே மெஷினைப் போடத் தெரிஞ்சிருக்கே, கெட்டிக்காரி' என்று மட்டும் சொன்னேன். நம்பலாமா வேண்டாமா என்கிற முகத்தோடு பார்த்தாள்.

இப்போது ஜெப நேரத்தில் கதவைச் சாத்துகிறாள், தாழ்ப்பாள் போடுவதில்லை. அவள் காதில் விழும்போது அவளுக்காக நன்றி மட்டும் சொல்கிறேன். பழக்கம் விடுமா? 'ஆனாலும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிடும், இருமி மறைக்கிறேன். இப்போது வீட்டில் இருமுகிறவர்கள் இரண்டு பேர்.

நேற்று உன்னைப் பற்றிக் கேட்டாள். "மாமாவையும் தாத்தா போட்டுக் கொடுத்தாரா?" ஆமாம் என்றேன். "அதான் போயிட்டாரா?" ஆமாம் என்றேன். "அப்ப மாமா இப்ப யார்கிட்ட பேசுவார்?" தெரியவில்லை என்றேன். அவளே யோசித்து முடிவு செய்துவிட்டாள். மாமாவோடு மட்டும்தான் ஜெபம் செய்வாளாம். போனில். நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம்.

நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள். என்ன சொல்ல?

அக்கா

ஆகஸ்ட் 31

முடியாதுக்கா. ஜெபமா? நானா? ஆளை விடு. கீபோர்டை மூடினதோட வாயையும் மூடினவன் நான். பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லித் தர்றது? அப்புறம் அவளும் என்னை மாதிரியே ஆனா, 'எல்லாம் மாமா புத்தி'ன்னு அடுத்த வீட்டுக்கூட்டத்துல என்னையும் சேத்து ஜெபிப்பீங்க.

மாமா யார்கிட்ட பேசுவார்னு நிஜமாவே கேட்டாளா? அவளாவா? நீ சொல்லிக் கொடுத்துக் கேக்க வெச்சியா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பேன். கதை வேணா சொல்றேன், அவ்வளவுதான். ஸ்பீக்கர் போட்டா கட் பண்ணிடுவேன்.

குண்டூசி

செப்டம்பர் 24

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனை வாங்கிக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். குளியலறை இல்லை, கவனி. அறை. நான் சமையலறையில் இருக்கிறேன். முதல் வாரம் ஒட்டுக் கேட்டேன், மறைக்கவில்லை. 'மாமா, மாமா' என்பது மட்டும்தான் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வெட்கமாகிப்போய் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். தேய்த்ததையே தேய்க்கிறேன்.

அவள் குழந்தையாக இருந்தபோது, முதன்முதலில் தன் வாயால் ஜெபிக்கிற நாளில் நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். அந்த நாள் வந்துவிட்டதா, அதுவும் எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு கதவு. அத்தானும் கடலில். கூடத்தில் கடிகாரம் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரிதென்று இதுவரை கவனித்ததில்லை. அவள் உன்னிடம் பேசுவது ஜெபம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

படுக்கை இன்னும் நனைகிறது. ஒளிப்பதில்லை, அது மட்டும் மாற்றம். காலையில் வந்து, "அம்மா, ஷீட்" என்கிறாள். சரி என்கிறேன். அதற்கு மேல் பேச்சு இல்லை.

நேற்று அப்பா ஜெபத்தில் உன்னை எடுத்தார். "ஆண்டவரே, என் மகன்..." அதற்கு மேல் வரவில்லை. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அவனுக்குப் படுக்க இடம் இருக்காம்மா?" என்று கேட்டார். உன் அரைக் கட்டில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "நீங்களே கேளுங்கப்பா" என்றேன். உன்னைப் பற்றி இனி யாரிடமும் நான் போட்டுக் கொடுக்கப் போவதில்லை. அவர் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அக்கா

அக்டோபர் 5

அப்பா இன்னும் கேக்கல. கேட்டா சொல்லுவேன். நானா கூப்பிட மாட்டேன், இப்போதைக்கு மனசு வராது. அதுக்கு மேல என்னைத் தள்ளாத.

அவ என்ன பேசறான்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். கெஞ்சினாலும் கிடையாது. ஆனா கேக்காமலே ஒண்ணு கேட்டிருக்கியே, அதுக்கு மட்டும் பதில். ஆமா, ஜெபம்தான்.

முதல் வாரம் மாட்டிக்கிட்டது நான். கதையெல்லாம் வேணாம்னுட்டா. "மாமா, நீங்க ஆரம்பிங்க"ன்னா. கண்ணை மூடினேன். ஒண்ணுமே வரல. கீழ டயர் கடையில சுத்தியல் அடிக்கிற சத்தம்தான் வருது. "மாமா, இருக்கீங்களா?"ன்னா. இருக்கேன்னேன். "வரலன்னா பரவால்ல. நானும் பாத்ரூம்ல சும்மாதான் இருந்தேன்"ன்னா. சரின்னு ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். நீ ஒட்டுக் கேட்டப்ப ஒண்ணும் கேக்கலன்னியே, அப்ப அதுதான் நடந்துச்சு. போன்ல அவ மூச்சு விடறது கேட்டுச்சு. நான் இந்த ரூமுக்கு வந்ததுலேர்ந்து இங்க என்கூட இன்னொருத்தர் இருந்தது அப்பத்தான். அடுத்த வாரம் அவ ஆரம்பிச்சா. நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன். என்னன்னு கேக்காத.

முக்கியமான விஷயம் இனிமேத்தான். போன வாரம் உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. அவளே சொன்னா நீ உடனே பத்து கேள்வி கேப்பியாம், அதனால லெட்டர்ல எழுதணுமாம். அவ சொன்னதை வார்த்தை மாத்தாம எழுதறேன்:

"அம்மா உள்ள வரலாம். கட்டில்ல உக்காரலாம். பேசக் கூடாது. அழக் கூடாது. ஆமென் மட்டும் சொல்லலாம், மெதுவா."

இந்த லெட்டர் கைக்கு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை குழாயை மூடிட்டு உள்ள போ. உன்னைப் பத்தியும் ஆண்டவர்கிட்ட நாலு சொல்லுவா. முக்காவாசி நல்லதுதான். மீதியையும் கேட்டுக்கிட்டு உக்காந்திரு. 'ஏன்டி அப்படிச் சொன்ன'ன்னு மட்டும் கேட்டுடாத, முடிஞ்சுது கதை. அழுகை வந்தா தலையணையைக் கடிச்சுக்கோ. உனக்கு வரும், எனக்குத் தெரியும், ஏன்னா எனக்கே போன வாரம்

போன் அடிக்குது. அவதான். லேட்டா எடுத்தா கத்துவா. போறேன்க்கா.